வாரினார், மூடினார்: வினைச்சொல்லை அசை பிரிக்க உதவும் வீட்டுக் குறிப்புகள்

மரக்காணத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது அனுமந்தை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம். பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில் தேர்வு நெருங்கினால் எங்கும் கேட்கிற புலம்பல் இங்கேயும் உண்டு. “குறளை அலகிட்டு வாய்பாடு எழுதத் தெரியலம்மா.” பூ, மலை, கடல் என்று பெயர்ச்சொல் வரும்வரை பிள்ளை நன்றாகவே பிரிப்பான். வினைச்சொல் வந்ததும் திணறுவான். வினை நீளமானது. அதற்குள் காலம், ஆள், எண் எல்லாம் அடுக்கியிருக்கும்.

மேற்படிப்புக்கோ வேலைக்கோ இத்தாலி போகத் தயாராகும் பிள்ளை இருக்கும் வீட்டில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். அந்த மொழியில் அசை பிரிப்பது எளிது. வினைச்சொல்லில் எந்த அசையை அழுத்திச் சொல்வது என்பதில்தான் ஆள் மாறும், காலம் மாறும். இரண்டு வேலைக்கும் வாயும் காதும் போதும். வீட்டுத் திண்ணையிலேயே பழகலாம்.

1. முதலில் வாய், அப்புறம் பேனா. வினைச்சொல்லை முழுதாக, எழுத்து வழக்கில், உரக்கச் சொல்ல வையுங்கள். “வர்றாங்க” என்று சொல்லிக்கொண்டே “வருகிறார்கள்” என்று எழுதும் பிள்ளைக்கு அசை தப்பும். வர்றாங்க என்பதன் தொடக்கம் நேர். வருகிறார்கள் என்பதன் தொடக்கம் நிரை. பாதித் தவறு இங்கேயே தீர்ந்துவிடும்.

2. எண்ணிக்கையில் சந்தேகமா? தாடைக்குக் கீழே புறங்கையை வைத்துக்கொண்டு சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வோர் உயிரொலிக்கும் தாடை ஒரு முறை இறங்கும். “பேசுகிறாள்” என்றால் நான்கு முறை இறங்கும்: பே, சு, கி, றாள். இத்தாலிய மொழியில் அசை என்பது இவ்வளவுதான், ஓர் உயிரொலிக்கு ஓர் அசை. தமிழ் யாப்பு இதற்கு மேல் ஒரு படி போய், சில இடங்களில் இரண்டை இணைத்து நிரை என்று ஆக்குகிறது. அதனால் பேசுகிறாள் நமக்கு மூன்றே அசை: பே / சுகி / றாள். தாடை சொல்வதை அப்படியே அசை எண்ணிக்கையாக எழுதிவிடக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

3. நேர் நான்கு வகை, நிரை நான்கு வகை என்று எட்டையும் மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட, இடமிருந்து வலமாக நடக்கும் ஒரே வழியைப் பழக்கிவிடலாம்.

முதல் எழுத்து நெடிலா? அங்கேயே நில். குறிலா? அடுத்து ஒற்று இருந்தால் அதையும் சேர்த்துக்கொண்டு நில். ஒற்று இல்லையென்றால் அடுத்த எழுத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். அது குறிலாக இருந்தாலும் சரி, நெடிலாக இருந்தாலும் சரி. நின்ற இடத்துக்குப் பின்னால் புள்ளி எழுத்து ஒன்றோ இரண்டோ இருந்தால் அதுவும் இந்த அசைக்கே சொந்தம். ஒற்று ஒருபோதும் அசையைத் தொடங்காது. தனியாக நின்றது நேர், கூட்டிக்கொண்டது நிரை. சொல்லின் கடைசியில் துணையில்லாமல் ஒரு குறில் மிஞ்சினால் அதுவும் நேர்தான்.

“வருகிறார்கள்” என்பதை இப்படி நடந்து பாருங்கள். வ குறில், பக்கத்தில் ஒற்று இல்லை, ரு கூடிக்கொண்டது: வரு, நிரை. கி குறில், றா கூடியது, ர் ஒட்டிக்கொண்டது: கிறார், நிரை. க குறில், ள் ஒற்று: கள், நேர். நிரை நிரை நேர், கருவிளங்காய். அடுத்து “காய்ந்தது”. கா நெடில், பின்னால் ய், ந் என்று இரண்டு ஒற்று. இரண்டும் சேர்ந்து காய்ந், நேர். தது, நிரை. கூவிளம். இரண்டு ஒற்று சேர்ந்து வரும் இடத்தில் பிள்ளைகள் இரண்டாவதைத் தூக்கி அடுத்த அசையில் போட்டுவிடுவார்கள். அதைக் கவனித்துத் திருத்துங்கள்.

4. கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சல் வீட்டில் கிடக்குமே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியது நிரை, சிறியது நேர். சொல்லைச் சொல்லிக்கொண்டே வரிசையாக வைக்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட வரிசையைப் பார்த்துத் தப்பு கண்டுபிடித்துவிடுவார்.

5. எடுத்துக்காட்டுக்குப் பாடப் புத்தகத்தையே தேட வேண்டியதில்லை. உப்பளத்தில் ஒரு பருவத்தில் நடக்கிற வேலைகளை வினைமுற்றாகச் சொன்னாலே ஈரசை வாய்பாடு நான்கும் வந்துவிடும்.

பாத்தி மிதித்தார்: மிதித் / தார், நிரை நேர், புளிமா. வரப்பு கட்டினார்: கட் / டினார், நேர் நிரை, கூவிளம். தண்ணீர் பாய்ச்சினார்: பாய்ச் / சினார், அதுவும் கூவிளம். உப்பு விளைந்தது: விளைந் / தது, நிரை நிரை, கருவிளம். உப்பு வாரினார்: வா / ரினார், கூவிளம். குவியலில் சேர்த்தார்: சேர்த் / தார், நேர் நேர், தேமா. மழைக்கு முன் மூடினார்கள்: மூ / டினார் / கள், இது மூவசை, கூவிளங்காய்.

அப்பாவோ அம்மாவோ அன்றைக்குச் செய்த வேலையைப் பிள்ளை ஒவ்வொரு வினையாகப் பிரித்துச் சொன்னால் போதும். அந்தச் சொற்கள் பிள்ளையின் காதில் பிறந்ததிலிருந்து விழுகிற சொற்கள். அறியாத சொல்லைப் பிரிக்கும்போது வருகிற பயம் இதில் வராது. கற்பிக்கிற வேலையில் இதைவிட முக்கியமாக எனக்கு வேறொன்றும் தெரியவில்லை.

6. ஒரே வினையை மூன்று காலத்திலும் ஓட்டிப் பார்க்கட்டும். வந்தான் தேமா, வருகிறான் கருவிளம், வருவான் புளிமா. வேர் ஒன்றுதான், காலம் மாறியதும் அசை மாறிவிடுகிறது. ஆனால் எல்லா வினையிலும் இப்படி நடக்காது. படித்தான், படிப்பான் இரண்டும் புளிமா. படிக்கிறான் மட்டும் கருவிளம். பிள்ளையே தேடி அட்டவணை போடட்டும், நீங்கள் போட்டுக் கொடுக்காதீர்கள்.

7. ஐகாரம் சொல்லின் முதலில் வந்தால் நெடில். நடுவிலும் கடைசியிலும் வந்தால் குறுகி ஒலிப்பதால் அதைக் குறிலாகக் கொள்ளலாம். விளைகிறது: விளை / கிற / து. இறைக்கிறார்கள்: இறைக் / கிறார் / கள். இரண்டுமே கருவிளங்காய்.

8. பள்ளியில் ஒரே வினைச்சொல்லை இரண்டு விதமாக வெட்டச் சொல்வார்கள். பகுபத உறுப்பிலக்கணம் கேட்டால் பேசினாள் என்பது பேசு + இன் + ஆள். அலகிடச் சொன்னால் பே / சினாள். முதல் வெட்டு பொருளைப் பார்ப்பது, இரண்டாவது ஒலியை மட்டும் பார்ப்பது. பகுதி எங்கே முடிகிறது, விகுதி எங்கே தொடங்குகிறது என்ற கவலை அசைக்குக் கிடையாது. பேசு என்ற பகுதியின் நடுவிலேயே வெட்டு விழும், சு போய் இடைநிலையோடு ஒட்டிக்கொள்ளும்.

இந்த இரண்டையும் கலந்துகொள்வதால்தான் நன்றாகப் படிக்கிற பிள்ளைகூட மதிப்பெண்ணை இழக்கிறது. வழி எளிது. நோட்டில் பகுபத வெட்டுக்கு ஒரு நிற மை, அசை வெட்டுக்கு வேறு நிற மை. ஒரே சொல்லை ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு முறை எழுதிப் பழகட்டும்.

இத்தாலிய மொழி படிக்கிறவருக்கும் இதே குறிப்பு பொருந்தும். ‘பேசுகிறேன்’ என்பதற்கு அங்கே பர்லோ. உறுப்பாகப் பிரித்தால் பர்ல் + ஓ. அசையாகப் பிரித்தால் பர்-லோ. ‘பேசுகிறோம்’ என்றால் பர்லியாமோ. உறுப்பு பர்ல் + இயாமோ, அசை பர்-லியா-மோ.

9. இரண்டு வினை சேர்ந்து நிற்கும்போது சேர்த்த பிறகே பிரிக்க வேண்டும். வந்து என்பது வந் / து, நேர் நேர். இருந்தான் என்பது இருந் / தான், நிரை நேர். சேர்ந்து வந்திருந்தான் ஆனதும் வந் / திருந் / தான், கூவிளங்காய். வந்து என்பதன் கடைசி உகரம் குற்றியலுகரம். அரை மாத்திரைதான் ஒலிக்கும், அடுத்து உயிர் வந்தால் இடம் விட்டு விலகிவிடும். பாட்டில் புணர்ந்து நிற்கும் சொல்லைப் பிரித்து எழுதிவிட்டு அலகிட்டால் கணக்கு இடிக்கும்.

10. ஒற்று மாறினால் வினையே மாறும். இதற்கு வாரம் ஒரு முறை சொல்வதெழுதுதல் வையுங்கள். காய்ந்தது, காய்த்தது. சேர்ந்தான், சேர்த்தான். திருந்தினாள், திருத்தினாள். விளைந்தது, விளைத்தது. முன்னது தானாக நடப்பது, பின்னது ஒருவர் செய்வது. காய்ந்தது, காய்த்தது மட்டும் வேறு வகை, ஒன்று வெயிலில் உலர்வது, மற்றொன்று மரம் காய் விடுவது. இந்த இணைகளில் அசை மாறுவதில்லை, திருந்தினாள், திருத்தினாள் இரண்டும் கருவிளம். அசை சரியாக வந்துவிட்டது என்பதற்காகச் சொல்லும் சரி என்று நினைத்துவிட வேண்டாம்.

11. குறில் நெடில் தெரியாமல் அசை இல்லை. மாத்திரைக்குக் கைந்நொடியையும் கண்ணிமையையும் அளவாக நம் இலக்கணம் சொல்கிறது. குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, ஒற்றுக்கு அரை. “கெட்டான்” என்பதற்கு 4 மாத்திரை, “கேட்டான்” என்பதற்கு 5. இரண்டையும் நொடித்துச் சொல்லிப் பழகட்டும்.

இந்த இரண்டு சொல்லும் பழைய ஓலைகளில் ஒரே மாதிரி தெரிந்திருக்கும். எகர ஒகரக் குறிலுக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்பது விதி. ஓலை கிழியும் என்பதால் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். கெட்டது யார், கேட்டது யார் என்று இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டியிருந்தது. இன்று நாம் கே என்று மேலே சுழித்து எழுதும் கொம்பை வழக்குக்குக் கொண்டுவந்தவர் வீரமாமுனிவர். இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் 1680இல் பிறந்து, தமிழகத்துக்கு வந்து, ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து எழுதியவர். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி ஐந்துக்கும் சேர்த்து 1730இல் தொன்னூல் விளக்கம் எழுதினார். 1732இல் வந்த அவருடைய சதுரகராதியில் ஒரு பகுதியே தொடைக்கு, அதாவது எதுகை தேடுகிறவருக்கு. வேறொரு மொழியின் அசையில் வளர்ந்த காது நம் நேரையும் நிரையையும் எவ்வளவு கவனமாகக் கேட்டிருக்க வேண்டும்! சென்னைக்குப் போகும்போது மெரினாவில் 1968இல் நிறுவப்பட்ட அவருடைய சிலையைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். இலக்கணம் எழுதியவருக்கு ஒரு முகம் உண்டு என்று தெரிந்தால் இலக்கணத்தின் மேல் அன்பு வரும்.

12. அலகிட்டது சரிதானா என்று விடைத்தாளிலேயே சோதித்துக்கொள்ளலாம். குறள் வெண்பா, அதனால் வெண்டளை பிறழாது. மாவுக்கு அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும். விளத்துக்கும் காய்க்கும் அடுத்த சீர் நேரில் தொடங்க வேண்டும். கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்று. இதில் எங்காவது இடித்தால் அந்த இடத்தில் அசை தவறாகப் பிரிந்திருக்கிறது.

பழகுவதற்கு வீட்டுச் சொற்களாலேயே ஒரு குறள் கட்டித் தருகிறேன்.

உப்பு விளைந்தது பாத்தி நிறைந்தது
தப்பாமல் வாரிவை இன்று

உப்பு தேமா, அடுத்தது விளைந் என்று நிரையில் தொடங்குகிறது. விளைந்தது கருவிளம், அடுத்தது பாத் என்று நேர். பாத்தி தேமா, அடுத்து நிறைந், நிரை. நிறைந்தது கருவிளம், அடுத்து தப், நேர். தப்பாமல் தேமாங்காய், அடுத்து வா, நேர். வாரிவை கூவிளம், அடுத்து இன், நேர். இன்று காசு. முழுக் கணக்கும் ஒத்துப்போகிறது. உப், தப் என்று எதுகையும் இருக்கிறது. இதே அச்சில் மீன்பிடியைப் பற்றியோ மழையைப் பற்றியோ ஒன்று கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு குறள் கட்டிய பிள்ளைக்கு அலகிடுதல் மறக்கவே மறக்காது.

13. அடுத்த படிக்கு உங்கள் கரையிலேயே பாட்டு இருக்கிறது. சிறுபாணாற்றுப்படை 269 அடிகள். பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். அந்த இடைக்கழிநாடு மரக்காணத்துக்கு வடக்கே இதே கடற்கரையில் இருக்கிறது. பாட்டுடைத் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அதில் வரும் எயிற்பட்டினம் மரக்காணமே என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். உப்பு வண்டியோடு போகும் உமணரும் அதில் வருகிறார்கள். ஆசிரியப்பா என்பதால் ஈரசைச் சீரே மிகுதி, பழகுகிறவருக்குத் தோது. பத்து அடியை எடுத்து வினைகளை மட்டும் அடிக்கோடிட்டுப் பிரித்தால் போதும். பொருளுக்கு உரை பார்த்துக்கொள்ளலாம்.

14. “தமிழில் அழுத்தமே கிடையாதா?” என்று பிள்ளை கேட்டால் இப்படிச் சொல்லுங்கள். நாம் பேசும்போது முதல் அசையில் குரல் சற்று ஊன்றும். ஆனால் ஊன்றுகிற இடத்தை மாற்றியதால் ஒரு சொல் வேறு சொல்லாகிவிடாது. அந்த வேலையைக் குறில் நெடிலும் ஒற்றும் செய்துவிடுகின்றன.

ஆனாலும் நம் இலக்கணக்காரர்கள் குரலின் ஏற்ற இறக்கத்தைக் கேட்காமல் விடவில்லை. எடுத்தல், படுத்தல், நலிதல் என்று நன்னூல் சொல்கிறது. “வந்தான்” என்றால் ஒருவன் வந்தான் என்ற வினைமுற்று. அதே சொல்லை வந்தவன் என்ற பொருளிலும் ஆளலாம், அப்போது அது வினையாலணையும் பெயர். எழுத்து ஒன்றுதான். ஓசையைப் படுத்துச் சொன்னால் அது பெயராகும் என்று பழைய உரைகள் எழுதி வைத்திருக்கின்றன. இத்தாலிய வினைச்சொற்களில் நடப்பதற்கு மிக அருகில் வரும் தமிழ் வழக்கு இதுதான். அந்த மொழி படிக்கப் போகிறவரிடம் இதிலிருந்து தொடங்குங்கள்.

15. இனி இத்தாலிக்குப் போகிறவருக்கு. பர்-லோ என்பதில் முதல் அசையை அழுத்தினால் ‘நான் பேசுகிறேன்’. கடைசி அசையை அழுத்தினால் ‘அவன் பேசினான்’. ஆளும் காலமும் இரண்டும் மாறிவிட்டன. மூன்று இடத்திலும் அழுத்தம் விழக்கூடிய ஒரு சொல்லும் உண்டு, கா-பி-தோ. முதலில் அழுத்தினால் ‘தற்செயலாக வந்து சேர்கிறேன்’, நடுவில் அழுத்தினால் ‘புரிந்தது’, கடைசியில் அழுத்தினால் ‘வந்து சேர்ந்தான்’. கடைசி அசை அழுத்தத்துக்கு மட்டும் அவர்கள் எழுத்தில் குறி போடுவார்கள். மற்ற இடங்களில் குறி இல்லை, பழக்கம்தான். இந்த மூன்றையும் கைப்பேசியில் பதிவு செய்து, இத்தாலியர் சொல்வதோடு அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள்.

16. தமிழ்க் காதுக்கு இதில் பெரிய உதவி ஒன்று இருக்கிறது. இத்தாலிய மொழியில் அழுத்தம் விழும் அசை ஒற்றில்லாமல் முடிந்து, சொல்லின் கடைசியாகவும் இல்லாவிட்டால், அந்த உயிர் நீளும். நம் நெடில் போலவே கேட்கும். அதனால் தமிழ் எழுத்தில் குறிப்பெடுக்கும்போது அழுத்தம் விழும் அசைக்கு நெடில் போட்டு எழுதலாம். காபிதோ, கபீதோ என்று எழுதியதும் கண்ணுக்கே வேறுபாடு தெரியும். அழுத்தம் ஒற்றோடு முடியும் அசையில் விழுந்தால் உயிர் குறுகியே நிற்கும்.

இரட்டிப்பையும் அவர்கள் நம்மைப் போலவே பொருளுக்குப் பயன்படுத்துகிறார்கள். பே-வெ என்றால் குடிக்கிறான், பெவ்-வெ என்றால் குடித்தான். பர்-லெ-ரே-மோ என்றால் பேசுவோம், பர்-லெ-ரெம்-மோ என்றால் பேசியிருப்போமே என்பது போன்ற நிபந்தனைப் பேச்சு. மற்ற மொழிக்காரர் பலர் இந்த ம், ம்ம் வேறுபாட்டில் தடுமாறுவார்கள். கெட்டான், கேட்டான் என்று சொல்லி வளர்ந்த பிள்ளைக்கு இது முதல் முறையே கேட்கும். தயங்காமல் நம்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை மட்டும். தமிழ் எழுத்தில் இரண்டு உயிருக்கு நடுவே வரும் த, ப மென்மையாகிவிடும். இத்தாலிய ஒலி வல்லினமாகவே இருக்கும் இடங்கள் நிறைய. எழுத்து அளவைக் காட்டட்டும், வல்லொலியைக் காதால் பிடியுங்கள்.

17. ‘அவர்கள்’ வடிவத்தில் எல்லோரும் சறுக்குவார்கள். இத்தாலியச் சொற்களில் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம் விழும்: பர்-லா-ரெ, பர்-லியா-மோ, பர்-லா-தெ. அந்தப் பழக்கத்தில் ‘அவர்கள் பேசுகிறார்கள்’ என்பதை பர்-லா-னோ என்று சொல்லிவிடுவார்கள். சரியானது பர்-ல-னோ, அழுத்தம் முதல் அசையில். நிகழ்காலத்தில் ‘அவன்’ வடிவத்தில் எங்கே அழுத்தமோ அங்கேயேதான் ‘அவர்கள்’ வடிவத்திலும். வசிக்கிறான் என்பது ஆ-பி-த, வசிக்கிறார்கள் என்பது ஆ-பி-த-னோ. அழுத்தம் கடைசியிலிருந்து நான்காவது அசையில்! ‘அவன்’ வடிவத்தை முதலில் சொல்லிவிட்டு, மூச்சு விடாமல் -னோ சேர்த்துச் சொல்லிப் பழகினால் தப்பாது.

18. -எரெ என்று முடியும் வினைகளை ஒவ்வொன்றாகக் கேட்டே பழக வேண்டும். பார்ப்பதற்கு வெ-தே-ரெ, அழுத்தம் நடுவில். எழுதுவதற்கு ஸ்க்ரீ-வெ-ரெ, படிப்பதற்கு லெஜ்-ஜெ-ரெ, இரண்டிலும் அழுத்தம் முதலில். எழுத்தில் எல்லாம் ஒரே வால். இரண்டு தாள் ஒட்டி, நடுவில் அழுத்துவது ஒன்றில், முன்னால் அழுத்துவது மற்றதில் என்று எழுதி அடுக்களைச் சுவரில் மாட்டுங்கள்.

19. ஏவல் வினைக்கு வால் சேர்ந்தாலும் அழுத்தம் நகராது. ‘எழுது’ ஸ்க்ரீ-வி. ‘எனக்கு எழுது’ ஸ்க்ரீ-வி-மி. ‘அதை எனக்கு எழுது’ ஸ்க்ரீ-வி-மெ-லோ.

20. நோட்டில் வரி முடியும் இடத்தில் சொல்லை முறிக்க நேர்ந்தால், தமிழில் அடுத்த வரி புள்ளி எழுத்தில் தொடங்கக் கூடாது. வந்தார்கள் என்பதை வந் / தார்கள் என்று முறிக்கலாம், ந் அடுத்த வரிக்குப் போகக் கூடாது. இத்தாலிய மொழியிலும் அசை எல்லையில்தான் முறிப்பார்கள், சிறு கோடு போடுவார்கள். இரட்டை மெய் நடுவில் பிரியும். ர், ல், ன் அடுத்து மெய் வந்தால் பர்-லோ போலப் பிரியும். ஸ் மட்டும் விலக்கு. அது அடுத்த மெய்யோடு சேர்ந்து அடுத்த அசைக்குப் போகும், பா-ஸ்த என்பதைப் போல. நம் காதுக்கு பாஸ்-த என்று பிரிக்கத்தான் கை வரும். அதனால் இதைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

21. இத்தாலிய அகராதி வாங்கும்போது அழுத்தக் குறி போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். நல்ல அகராதியில் -ஆரெ என்று முடியும் வினைக்கு ‘நான்’ வடிவத்தையும் குறியோடு கொடுத்திருப்பார்கள். ஆபிதாரெ என்று தேடினால் பக்கத்திலேயே ஆ-பி-தோ என்று முதல் அசையில் குறியிட்டு இருக்கும். அந்த ஒன்றைப் படித்தால் நிகழ்காலத்தின் ஒருமை மூன்றுக்கும் ‘அவர்கள்’ வடிவத்துக்கும் அழுத்தம் கிடைத்துவிடும். ‘நாங்கள்’, ‘நீங்கள்’ வடிவங்களில் மட்டும் அது கடைசிக்கு முந்தைய அசைக்கு நகரும்: ஆ-பி-தியா-மோ, ஆ-பி-தா-தெ. புதிய வினை ஒன்றை நோட்டில் எழுதும்போதே இந்த மூன்றையும் சேர்த்து எழுதி, ஒரு முறை உரக்கச் சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம்.